டெட் ஹீட்டில் ஐந்து ரூபாய்க்கு எவ்வளவு

போன மாதம் தி. நகரில் ஒரு துணிக்கடையில் பேன்ட் வாங்கினேன். நீளம் அதிகம். வயதானால் மனிதன் குள்ளமாகிறான், பேன்ட் ஆவதில்லை. கடையின் மாடிப்படிக்குக் கீழே ஆல்டரேஷன் செய்பவர் உட்கார்ந்திருந்தார். என்னை நிற்க வைத்து, கணுக்காலுக்கு அருகே நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டி வைத்த வாசனை. அவ்வளவுதான், என் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

"ஆடாம நில்லுங்க சார். சுகரா?"

ஆமாம் என்றேன். எனக்குச் சுகர் இல்லை. அது பயம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பயம்.

அந்த ஈர வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் கல்யாணப் பந்தலில் தலைக்கு மேலே தொங்கும் துணியிலிருந்து அதே வாசனைதான் வரும். பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் நாயுடு என்பவர் ஷாமியானா, மடக்கு நாற்காலி, சமையல் அண்டா எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். எழுபதுகளின் தொடக்கம். நான் பி.காம். இரண்டு பேப்பர் ஃபெயில். வீடு மேற்கு மாம்பலம். அப்பாவிடம், "கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்" என்று சொல்லியிருந்தேன். பொய்யில்லை. வார நாட்களில் எத்தனை நாற்காலி போனது, எத்தனை உடைந்து வந்தது என்று எழுதினேன். ரேஸ் நாட்களில், நாற்காலி அடுக்குகளுக்குப் பின்னாலிருந்த அறையில் வேறு கணக்கு.

அங்கே ரேஸ் சீட்டு எழுதினார்கள். சட்டவிரோதம்தான். கிண்டியில் ரேஸ் இருந்தால் கிண்டி, இல்லாவிட்டால் பெங்களூர், ஊட்டி. டெலிபோனில் முடிவு வரும். ஜெயித்த குதிரைக்கு ஐந்து ரூபாய்க்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. ஒரு சீட்டு ஐந்து ரூபாய். பலகையைப் பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

பெரிய வித்தையெல்லாம் இல்லை. குதிரையின் விலை ஒன்றுக்கு எட்டு என்றால், ஐந்து ரூபாய்க்கு நாற்பது லாபம். போட்ட ஐந்தும் திரும்ப வரும். ஆக நாற்பத்தைந்து. இதை யாரும் போடுவார்கள். நாலுக்கு ஒன்பது என்று ஒரு விலை வரும். அங்கேதான் ஆட்கள் முழிப்பார்கள். ஐந்தை நாலால் வகுத்தால் ஒண்ணேகால். அதை ஒன்பதால் பெருக்கினால் பதினொன்றேகால். போட்டது ஐந்து. பதினாறேகால். எனக்கு இதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆடிட்டிங் பேப்பரில் இருபத்தெட்டு மார்க் வாங்கியவனுக்கு இது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பரீட்சை ஹாலில் நாயுடு இல்லை.

நாயுடு உயரமில்லை, பருமனில்லை, கத்திப் பேசுகிறவரும் இல்லை. எப்போதும் வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைக் கோடு. அவரைப் பார்த்தாலே எனக்குப் பயம். காரணம் உண்டு. எனக்கு முன்னால் அந்தப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தவன் ஒருநாள் தப்பாக எழுதினான். உடனே அழித்துவிட்டுச் சரியாக எழுதினான். அழித்ததைப் பார்த்த கூட்டம், ஜெயித்த பணத்தைக் குறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டது. நாற்காலி பறந்தது, அண்டா உருண்டது, சந்து முனையிலிருந்த போலீஸ்காரர் பார்க்காமல் இருக்க முடியாமல் போயிற்று. எல்லாம் அடங்கிய பிறகு நாயுடு அவனைக் கூப்பிட்டு, கல்லாப்பெட்டி டிராயருக்குள் கையை வைக்கச் சொன்னார். வைத்தான். டிராயரை மூடினார். டெலிபோன் பார்க்கும் மணி இதை என் முதல் நாளே சொல்லிவிட்டான்.

"எய்தினா எய்தினதுதான் நைனா. தப்போ ரைட்டோ, அய்க்காத. வெரலு பத்து கீதுல்ல? அத்த அப்டியே வீட்டுக்கு இட்டுனு போ."

இன்னொரு வழக்கமும் இருந்தது. பணம் கொடுத்ததும் சீட்டை அந்த ஆளின் கண்ணெதிரே நாலாகக் கிழிப்போம். கிழித்த பிறகு பேச்சு கிடையாது. ஆகாயமே இடிந்து விழுந்தாலும் அந்தக் கணக்கு முடிந்தது.

மஸ்தான் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே சந்தின் முனையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய தையல் கடை. கடை என்றால் பலகைக் கதவு போட்ட ஒரு பொந்து. இரண்டு மெஷின். ஒன்றில் அவர் தைப்பார், இன்னொன்றை நாள் வாடகைக்கு விடுவார். என் முதல் முழுக்கால் சட்டையை அவர்தான் தைத்தார். சனிக்கிழமை தவறாமல் ரேஸுக்கு நாலு சீட்டு எழுதுவார், அதற்குமேல் ஒன்று எழுதமாட்டார். அளவு எழுதும் துண்டுக் காகிதத்தில் தன் பங்குக்கு அவரே கணக்குப் போட்டுப் பார்ப்பார். என் பலகையும் அவர் காகிதமும் எப்போதும் ஒத்துப்போகும். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "நம்ம மாம்பலத்துப் புள்ள, காலேஜு படிச்சவன்" என்று ஆட்களிடம் சொல்லிக்கொள்வார். ஃபெயிலான விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை பெங்களூர் ரேஸ். நாலாவது ரேஸில் ஒரு குதிரைமேல் எங்கள் அறையில் நிறைய சீட்டு விழுந்திருந்தது. விலை ஒன்றுக்கு எட்டு. யாரோ ஒரு ஜாக்கியின் சமையல்காரன் சொன்னானாம். ட்ரங்க் கால் வந்தது. மணி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ரெண்டு குதிரையும் ஒண்ணா வந்துக்கினு கீது. டெட் ஹீட்டு."

டெட் ஹீட் என்றால் இரண்டு குதிரைகள் ஒரே மூச்சில் கோட்டைத் தாண்டுவது. யார் முதல் என்று பிரிக்க முடியாது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. போட்ட பணத்தில் பாதி தோற்றது, மீதிப் பாதி முழு விலைக்கு ஜெயித்தது. ஐந்து ரூபாயில் இரண்டரை போயிற்று. மீதி இரண்டரைக்கு ஒன்றுக்கு எட்டு வீதம் இருபது. அந்த இரண்டரையும் திரும்ப வரும். ஆக இருபத்திரண்டரை.

நான் சரியாகத்தான் ஆரம்பித்தேன். ஐந்தைப் பாதியாக்கி இரண்டரை என்று காகிதத்தில் எழுதினேன். அந்த நேரம் வெளியே கூட்டம் கதவைத் தட்டியது. "ஜெயிச்சுதா இல்லியா, சொல்லுய்யா." கதவு உள்ளே வளைந்தது. பின்னாலிருந்து நாயுடுவின் குரல்.

"ஒரேய், டெட் ஹீட்டுனா பாதி போடு. சீக்கிரம்."

எனக்கு மண்டைக்குள் டிராயர் மூடும் சத்தம் கேட்டது. பாதி என்றாரே என்று எட்டைப் பாதியாக்கினேன். நாலு. இரண்டரைக்கு நாலு வீதம் பத்து, போட்டது இரண்டரை. பன்னிரண்டரை என்று பலகையில் எழுதிக் கதவைத் திறந்தேன். ஏற்கெனவே பாதியாக்கியதை மறுபடி பாதியாக்கியிருக்கிறேன். பயந்தவன் கணக்கு அப்படித்தான் போகும்.

கூட்டம் முனகிக்கொண்டே வாங்கியது. ஐந்து போட்டவனுக்குப் பன்னிரண்டரை வந்தால் அது லாபம்தானே. சீட்டுகள் கிழிந்துகொண்டே இருந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் நகராமல் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ரிக்‌ஷா ஏழுமலை. பனகல் பூங்கா ஸ்டாண்டில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவன். தோள் கதவளவு இருக்கும்.

"இன்னாய்யா இது? குதுர ஜெயிச்சா நாப்பத்தஞ்சு. பாதின்னாக்கூட இருவதுக்கு மேல வர்ல? யார்ராண்ட விட்ற கத?"

அவன் பின்னால் இருந்தவர்கள் நெருங்கினார்கள். அப்போது மஸ்தான் பாய் அவர்களை விலக்கிக்கொண்டு, பணம் கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தார். கையில் துண்டுக் காகிதம்.

"தம்பி, எனக்கு இருபத்திரெண்டரை வருது. நீ பன்னெண்டரை எழுதியிருக்கே. எங்க தப்பு பண்ணேன், பாத்துச் சொல்லு."

பாருங்கள், எங்கே நான் தப்புப் பண்ணினேன் என்றுதான் கேட்டார். அவர் காகிதத்தைப் பார்த்த வினாடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வரிசையாக, சுத்தமாக, அழகான கணக்கு. என் முதுகுக்குப் பின்னால் நாயுடு நின்றிருந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது. ஜவ்வாது வாசனை. எதிரே ஏழுமலை. அழித்தால் நாயுடு, அழிக்காவிட்டால் இவர்கள். விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன.

"டெட் ஹீட்ல காசும் பாதி, ரேட்டும் பாதி பாய். ரூல் புக்குல இருக்கு."

அப்படி ஒரு புத்தகத்தை நான் பார்த்ததே இல்லை.

பாய் காகிதத்தை ஒருமுறை பார்த்தார். "ரேட்டும் பாதியா? இது எனக்குத் தெரியாம போச்சே" என்றார். பிறகு திரும்பி ஏழுமலையின் தோளில் கை வைத்தார். "சரியாத்தான் இருக்குதுப்பா. புக்குல இருக்காம். இந்தப் புள்ள தப்பாச் சொல்லாது. வாங்கிட்டுப் போங்க, நான் சொல்றேன்ல." அவர் சொன்னதால் போனார்கள். அவர் சீட்டு நாலையும் அவர் கண்ணெதிரே நானே கிழித்தேன். ஐம்பது ரூபாய் கொடுத்தேன். தொண்ணூறு கொடுத்திருக்க வேண்டும்.

கோழை என்றால் கோழைதான். இதற்கு வேறு சொல் தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வெங்காய சாம்பார் வைத்திருந்தாள். பாதியில் எழுந்துவிட்டேன். திங்கள் காலையில் ஒரு காரியம் செய்தேன். வீரம் என்று அப்போது நினைத்தேன். ஒரு தாளில் ரேஸ் தேதி போட்டுச் சரியான கணக்கை எழுதினேன். எழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். கடைசியில் 'இருபத்திரண்டரைதான் சரி' என்று போட்டு, கடை திறக்கும் முன் பாயின் பலகைக் கதவு இடுக்கில் தள்ளிவிட்டு ஓடி வந்தேன். மனசு லேசானது. வழியில் டீகூடக் குடித்தேன். மடையன்.

பதினோரு மணிக்குப் பாய் அந்தத் தாளோடு நேராக எங்கள் கடைக்கு வந்தார். நாயுடு வாசலில் உட்கார்ந்து நாற்காலிக்கு வந்த பெயின்ட் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லெட்ஜர் முன்னால்.

"தம்பி, இத எவனோ எங்கடையில போட்டுட்டுப் போயிருக்கான். நான் போட்ட மாதிரியேதான் போட்டிருக்கான். எனக்குக் கொழப்பமா இருக்கு. நீ ஒருவாட்டி பாத்துச் சொல்லிடு, நான் நிம்மதியாப் போறேன்."

நாயுடு கை நீட்டித் தாளை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் லெட்ஜரைப் பார்த்தார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். இடது கையால் எழுதினாலும் ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போடும் பழக்கம் எனக்கு விடவில்லை. தேதியில் ஏழு இருந்தது. லெட்ஜரிலும் ஏழெல்லாம் அதே குறுக்குக் கோட்டோடு இருந்தன.

நாயுடு தாளை மெதுவாக என்முன் வைத்தார்.

"ஏமிரா, நீதான் படிச்சவன். பாய் கேக்கறாரு. ரைட்டா, தப்பா?"

கல்லாப்பெட்டி டிராயர் பாதி திறந்திருந்தது. அது எப்போதும் பாதி திறந்துதான் இருக்கும். அன்று அது எனக்காகத் திறந்திருந்தது போல இருந்தது.

"தப்பு பாய். எவனோ தெரியாம எழுதியிருக்கான்."

நானே எழுதியதை நானே தப்பு என்றேன். பாய், "அதான் பாத்தேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் நிம்மதி. சாயங்காலம் நான் கிளம்பும்போது நாயுடு என் சட்டைப் பையில் ஒரு பத்து ரூபாயை மடித்து வைத்தார். ஒரு சீட்டுக்கு எவ்வளவு குறைத்தேனோ அவ்வளவு.

புதன்கிழமை விஷயம் வெளியே வந்துவிட்டது. சைதாப்பேட்டையில் சீட்டு எழுதுகிற வேறொருவர் அதே ரேஸுக்கு இருபத்திரண்டரை கொடுத்திருக்கிறார். ஏழுமலையும் மற்றவர்களும் நாயுடுவிடம் வந்தார்கள். அவர், "சீட்டு இருக்கா? காட்டு, குடுக்கறேன்" என்றார். அவருக்கு இரண்டு பக்கமும் அண்டா தூக்கும் ஆட்கள் நின்றார்கள். சீட்டு எங்கே இருக்கும்? வந்தவர்கள் திரும்பினார்கள். நேராகச் சந்து முனைக்குப் போனார்கள்.

நான் எதிர்ச் சாரியில், சோடாக் கடை மறைவில் நின்று பார்த்தேன். பட்டப்பகல். ஏழுமலை ஓங்கிய கை அப்படியே நின்றது. பாயை அடிக்க அவனுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. குரல் மட்டும் கேட்டது.

"நீ சொல்லித்தான பாய் போனோம்? புக்குல கீதுன்னியே, எங்க அந்தப் புக்கு? நீயும் நாய்டும் கூட்டா?"

பாய் கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார். கை கூப்பவில்லை, கெஞ்சவும் இல்லை. "கூட்டெல்லாம் இல்லப்பா. ஆனா நான் சொல்லித்தானே போனீங்க. அது என் பொறுப்பு" என்றார். யார் யார் எத்தனை சீட்டு என்று கேட்டு, அந்தத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அவர் சீட்டைத் தவிர முப்பத்தொன்று. சீட்டுக்குப் பத்து வீதம் முந்நூற்றுப் பத்து ரூபாய்.

ரோட்டைத் தாண்ட வேண்டியது பத்து காலடி. தாண்டி, "பாய்மேல தப்பு இல்ல, நான்தான்" என்று சொல்ல வேண்டும். அரை நிமிஷ வேலை. நான் சோடாவுக்குக் காசு கொடுத்துவிட்டு உஸ்மான் ரோடு பக்கம் நடந்தேன்.

அடுத்த வாரம் அந்தக் கடையில் ஒரு மெஷின்தான் இருந்தது. ஆள் ஆளாகத் தேடிப்போய்ப் பத்தும் இருபதும் கொடுத்து முடித்தார் என்று மணி சொன்னான். பாய் அதற்குப் பிறகும் என்னைப் பார்த்தால் சிரிப்பார். ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, ரூல் புக்குல நெஜமா அப்படித்தான் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சந்தேகமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆமாம் என்றேன். அதிலிருந்து நான் அந்தச் சந்து முனை வழியாகப் போவதையே விட்டேன். கடைக்கு வரவும் போகவும் பின்பக்கமாகச் சுற்றினேன். என் கல்யாணச் சட்டையைக்கூட மயிலாப்பூரில் வேறு தையல்காரரிடம் தைத்தேன். தோள் பிடித்தது.

எழுபதுகளின் நடுவில் சென்னையில் குதிரைப் பந்தயத்தை நிறுத்தினார்கள். எத்தனையோ பேர் பிழைப்புப் போயிற்று என்று புலம்பினார்கள். ஊரிலேயே சந்தோஷப்பட்ட ஆள் நான்தான். போலீஸ் கெடுபிடியில் நாயுடு பின்னறையைப் பூட்டினார். எனக்குத் தேனாம்பேட்டையில் ஒரு மோட்டார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் மூன்று சம்பளத்தில் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய் எடுத்துக்கொண்டு பாயைத் தேடிப் போனேன். அவருடைய நாற்பதும் அதில் சேர்த்தி. நாயுடு இல்லாத பிறகு வந்த தைரியம். அதற்கு என்ன மதிப்பு இருக்கிறதோ அதுதான் அதற்கு.

மாடிப்படிக்குக் கீழே ஒருவர் வளையல், ரிப்பன் விற்றுக்கொண்டிருந்தார். பாய் கடையைக் காலி செய்து ஆறு மாசம் ஆயிற்று, மகள் வீட்டோடு போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது என்றார். மணியைக் கேட்டேன், தெரியவில்லை. மசூதியில் விசாரித்தேன், அங்கே இரண்டு மஸ்தான் பாய்களைக் காட்டினார்கள், இரண்டு பேரும் இவர் இல்லை.

இப்போது அந்தப் படியும் இல்லை. அந்தச் சந்தின் ஒரு பக்கம் முழுக்க ஒரே நகைக்கடை. ஷாமியானா வாடகைக்கு விட்ட இடத்தில் அவர்களுடைய கார் நிறுத்துகிறார்கள். ட்ரங்க் கால் இல்லை, பலகை இல்லை. ரேஸ் சீட்டின் கணக்கைப் போனே போட்டுவிடுகிறதாம், தசமப் புள்ளியோடு. அதற்குப் பயம் கிடையாது. கிண்டி மைதானத்தில் இப்போது குளம் வெட்டுகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். வெட்டட்டும்.

பாய் கிடைக்காத அன்று, யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும் என்று பனகல் பூங்கா ஸ்டாண்டுக்குப் போனேன். ஏழுமலை ரிக்‌ஷாவில் காலை நீட்டிப் படுத்திருந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"இப்ப வந்து சொல்றியே, நல்லாக்கீறியா நீ?" என்றான். "நானு அஞ்சு சீட்டு. பாயாண்ட அம்பது ரூவா வாங்கிக்கினேன். போதாதுன்னு கூட்டாளின்னு வேற கேட்டேன். அத்த நான் இனிமே எங்க போய்க் குடுக்கறது, சொல்லு."

முந்நூற்றைம்பது ரூபாயும் என் பையில் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஸ்டாண்டு இருந்த இடத்தை மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள்.